சேனைத் தேன்

ஏழுசுனை மலையில் மூன்றாவது சுனைக்குப் பக்கத்தில் ஓர் ஓலைக் குடிசை. அதில் இருந்த அம்மாவின் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. சுனையம்மா என்றே சொன்னார்கள். கீழே எங்கோ வேலை பார்த்தவர். ஒருநாள் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி வந்தார், பிறகு இறங்கவில்லை. அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

காலையில் சுனையிலிருந்து பனி எழும்பும். குடிசையைச் சுற்றி வந்து கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது யாராவது பேசினால் எந்தப் பக்கமிருந்து குரல் வருகிறது என்று தெரியாது. வந்தவர்கள் அதனால் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பனி விலகும்போது பாதிப் பேருக்குத் தாம் என்ன கேட்க வந்தோம் என்பது மறந்திருக்கும். எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அவருக்கு ஒரே ஒரு சீடன். பெயர் சடையன். குருவைவிட ஐந்து வயது மூத்தவன், ஆனாலும் அவர் அவனை நீ என்பார், அவன் நீங்க என்பான். தேன் எடுப்பது தொழில். கொடியைக் கட்டிக்கொண்டு செங்குத்துப் பாறையில் இறங்குவான். தேன் இல்லாத நாட்களில் சுனையம்மாவுக்கு விறகு பொறுக்கிப் போட்டுவிட்டு எதிரில் உட்காருவான்.

"அந்தம்மாகிட்ட என்னடா கத்துக்கிட்டே?" என்று ஊரில் கேட்பார்கள்.

"உக்காரக் கத்துக்கிட்டேனுங்க."

அதுவும் பொய். கால்மணி நேரத்துக்கு மேல் அவனால் ஓரிடத்தில் உட்கார முடியாது.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து அவன் மனைவி பாவாயி ஒரு பெண் பிள்ளை பெற்றாள். ஆனி மாதம் அது. ஒன்பதாம் நாள் காலை, பனி விலகுவதற்கு முன்பே சடையன் வந்துவிட்டான். கையில் ஒரு மண் கலயம்.

"அம்மா, எம் பிள்ளைக்கு நீங்கதான் சேனை வைக்கணும்."

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் யாரை வைக்கச் சொல்வது என்று, மாப்பிள்ளை பார்ப்பதைவிட அதிகமாக யோசிப்பார்கள். கோபக்காரர்களும் புளுகர்களும் அன்றைக்கு அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல் இருப்பது மரியாதை. மற்ற ஊர்களில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பதும் உண்டு. இந்த மலையில் தேன்தான்.

சுனையம்மா கலயத்தைப் பார்த்தார். பிறகு சுனையைப் பார்த்தார்.

அவர் மறுத்துவிடுவாரோ என்று சடையன் பயந்தான். காரணம் உண்டு. மூன்று வருடங்களுக்கு முன்னால் அவனுடைய அண்ணன் ராக்கியண்ணன் இதே இடத்தில் வந்து இதையே கேட்டான். சுனையம்மா மறுத்துவிட்டார். என்ன சொல்லி மறுத்தார் என்று ராக்கியண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. முகம் சிவந்து இறங்கிப் போனவன் அன்று சாயங்காலமே பிள்ளையின் தாய்மாமனை வைத்துச் சேனையை முடித்துவிட்டான். நாற்பது நாள் ஆவதற்குள் பிள்ளையின் அழுகை மெலிந்தது. பால் இழுக்கத் தெம்பில்லாமல் கழுத்து தொய்ந்தது. கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

சுனையம்மா கைபடாத பிள்ளை, அதனால்தான் தங்கவில்லை என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. சடையனும் அதைத்தான் நம்பினான். நம்பினான் என்பதுகூடக் குறைவு. பாவாயி கருவுற்ற நாளிலிருந்து அவன் அந்த ஒரு பயத்தைத்தான் தின்று குடித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

பனி விலகியது. சுனையின் விளிம்பில் தேனீக்கள் வந்து தண்ணீர் குடிக்கத் தொடங்கின.

"சரி. நான் வைக்கிறேன்" என்றார் சுனையம்மா.

சடையன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

"ஆனா நான் வைக்கிறதா இருந்தா, எனக்கு முன்னாடி வேற யாரும் வைக்கக் கூடாது. ஒரு சொட்டுகூட. தேன்னு இல்ல, சக்கரையும் கூடாது. தாய்ப்பால் மட்டும்."

"யாரு வைப்பாங்க? நான் உட்டுடுவேனா?"

சுனையம்மா கலயத்தில் விரலை விட்டுத் தேனை நாக்கில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். அவர் மூடிய கண்ணைத் திறப்பதற்குள் வெயில் குடிசையின் வாசலிலிருந்து உள்ளே வந்து அடுப்பைத் தொட்டுவிட்டது. சடையனும் தன்னை அறியாமல் கண்ணயர்ந்தான். பாறையில் தொங்குவது போலவும், கீழே ஊர் முழுக்கப் பனியில் மிதப்பது போலவும் ஒரு கனவு வந்தது.

"நல்ல தேன். ஆனா இது இல்ல."

அவன் திடுக்கிட்டு விழித்தான். "வேற எதுங்க?"

"கொசுத்தேன் கொண்டா."

கொசுத்தேனீ கொசு அளவே இருக்கும். கொட்டாது. மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் பாக்கு அளவு மெழுகு உருண்டைகளில் தேன் வைக்கும். ஒரு பொந்தைத் திறந்தால் இரண்டு கரண்டி தேறினால் அதிர்ஷ்டம். அதுவும் ஆடி மாதத்தில், காற்று மரத்தை வேரோடு ஆட்டும்போது, எந்தத் தேனீ வெளியே வரும்? சடையன் காடு முழுக்கச் சுற்றினான். ஆவணி முடியும்போது ஒரு கொட்டாங்கச்சியில் அரைவாசி சேர்ந்தது.

சுனையம்மா சுவைத்தார். கண்ணை மூடினார். இந்தத் தடவை சடையன் தூங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்து போனது.

"இதுல காத்து இருக்கு சடையா. ஆடிக் காத்து. மரம் அசையுறது கேக்குது."

"அதுங்க..."

"பிள்ளைக்கு ஆகாது. பேயெள் பூக்கட்டும். அந்தத் தேன் கொண்டா."

சரிவுகளில் எண்ணெய்க்காக விதைக்கிற பேயெள் பூக்கக் கார்த்திகை ஆகும். சடையன் தலையைச் சொறிந்துகொண்டே இறங்கினான்.

ஊர் சும்மா இருக்குமா? பிள்ளை பிறந்து மூன்று மாதமாகியும் சேனை வைக்கவில்லை என்ற செய்தி அடிவாரம் வரைக்கும் போய்விட்டது. ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே பாவாயியின் அம்மா நல்லம்மா மலையேறி வந்தாள். வந்தவள் சேலையைக்கூடப் பிழியவில்லை. நேராக உறியில் தொங்கிய தேன் கலயத்தை இறக்கினாள்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"நீங்க பண்ணாததை மாப்பிள்ளை. நான் மூணு பெத்து மூணையும் வளர்த்தவ. எங் கையில என்ன குறை?"

"சுனையம்மா வைக்கிறேன்னு வாக்குக் குடுத்திருக்காங்க."

"வாக்குக் குடுத்து நாலு மாசம் ஆச்சு. நாக்குல தேன் படாத பிள்ளை வாய் தொறக்காது. நாளைக்கு ஊமைப்பிள்ளைன்னு ஒருத்தனும் கட்டிக்க மாட்டான்."

"நல்ல தேன் கெடைக்கலைன்னு பார்த்துக்கிட்டிருக்காங்க."

"தேன்ல நல்லது என்ன, கெட்டது என்ன? மருந்தையே தேன்ல கொழச்சுத்தான் குடுக்கிறோம். உலகத்துல கெட்டுப்போகாத பண்டம் அது ஒண்ணுதான். அது என்ன வெசமா?"

 சடையனும் அப்படித்தான் நினைத்தான். நல்லம்மாவின் விரல் கலயத்துக்குள் போய் வெளியே வந்தது. விரல் நுனியில் தேன் திரண்டு நின்றது. தொட்டிலில் பிள்ளை வாயைக் குவித்துக் கொட்டாவி விட்டது.

அவன் மாமியாரின் கையைப் பிடித்துவிட்டான்.

மாமியார் கையை மருமகன் பிடிப்பதாவது! பாவாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நல்லம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தேன் சொட்டு விரலிலிருந்து தரையில் விழுந்தது.

"எங்கண்ணன் பிள்ளையத் தூக்கிட்டு ஓடுனவன் நான். பாதி வழியில தோள்ல கனம் மாறுச்சு அத்தை. உங்க காலைப் புடிச்சுக்கிறேன். அந்தம்மா கைதான் வேணும்."

நல்லம்மா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகு இரண்டு நாள் அவள் மருமகனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "அந்தம்மா சாமியா இல்ல சோம்பேறியான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கார்த்திகையில் மலைச்சரிவெல்லாம் பேயெள் மஞ்சளாகப் பூத்தது. காலைப் பனியில் அந்த மஞ்சள் நிறம் தரையிலிருந்து விடுபட்டு அரை ஆள் உயரத்தில் நிற்பது போலத் தெரியும். சடையன் அந்தத் தேனைக் கொண்டுபோய் வைத்தான். சுனையம்மா சுவைத்துவிட்டு வெகுநேரம் சரிவைப் பார்த்தார்.

"இதுல வெளிச்சம் சாஸ்தி. காப்பிப் பூ பூக்கட்டும்."

"அம்மா, பிள்ளைக்கு ஆறு மாசம் ஆவப் போகுதுங்க."

"கஞ்சி குடு. பருப்புத் தண்ணி குடு. தேன் மட்டும் எங் கையால."

தை மாதத்தில் ஒருநாள் நடுப்பகல். பாவாயி துணி துவைக்கப் போயிருந்தாள். வீட்டில் சடையனும் பிள்ளையும் மட்டும். பிள்ளை தவழ்ந்து வந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. இன்னும் ஒரு சொல் வரவில்லை. ங்கா என்பதோடு சரி. மாமியார் சொன்னது அவன் காதுக்குள்ளேயே இருந்தது.

அவன் உறியிலிருந்து கலயத்தை இறக்கினான். ஒரு சொட்டு, யாருக்குத் தெரியப் போகிறது? விரலைத் தேனில் தொட்டான். பிள்ளை அதைப் பார்த்து வாயைத் திறந்தது.

அப்போதுதான் அவனுக்கு அது உறைத்தது. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும். என் குணமா? கால்மணி நேரம் ஓரிடத்தில் உட்காரத் தெரியாத குணமா? போன வாரம்கூட உப்புக் குறைந்ததற்குச் சட்டியைத் தூக்கி எறிந்த குணமா? அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. விரலைத் தன் வாயிலேயே வைத்துக்கொண்டான். இனிப்போடு கண்ணீரும் சேர்ந்து இறங்கியது. பிள்ளை ஏமாந்து போய் வீடே அதிரக் கத்தியது. ஊமைப்பிள்ளை இவ்வளவு சத்தம் போடாது என்று அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

பங்குனியில் மழை ஒரு தூறல் போட்டது. மறுவாரம் காப்பித் தோட்டங்கள் ஒரே நாளில் வெள்ளையாயின. மலை முழுக்க மல்லிகை மாதிரி ஒரு வாசனை. ஊரில் எல்லோரும் மத்தியானத்திலேயே தூக்கக் கலக்கத்தோடு நடமாடினார்கள். அந்தத் தேனையும் சுனையம்மா சுவைத்தார்.

"இதைச் சாப்பிட்டா யாரோ எங்கியோ கூப்பிடுற மாதிரி இருக்கு."

"இதுவும் ஆகாதுங்களா?" என்றான் சடையன்.

"ஆனி வரட்டும். எந்தத் தேனா இருந்தாலும் சரி, கொண்டா. பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா."

எந்தத் தேனாக இருந்தாலும் சரியா? இத்தனை மாதமாகப் பூப் பூவாகப் பிரித்துப் பார்த்தவர் இப்படிச் சொன்னது சடையனுக்குப் புரியவில்லை. ஆனால் கேட்டால் மறுபடியும் ஏதாவது பூவைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டான்.

ஆனியில் பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்தது. அதற்குள் நான்கு பற்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. அப்பனைக் கண்டால் "ப்பா" என்கிறது. பாவாயி புதுச்சட்டை போட்டுத் தூக்கி வந்தாள். நல்லம்மாவும் வந்தாள், அந்த அம்மாவை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்பதற்காக. சுனைக்கு வந்ததும் கேட்க வந்ததை மறந்துவிட்டு, பாறையில் வழியும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சுனையம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். முதலில் அதன் கழுத்தை நீவிப் பார்த்தார். பிறகு அதன் கையில் தன் விரலைக் கொடுத்து, எவ்வளவு அழுத்தமாகப் பிடிக்கிறது என்று பார்த்தார். கலயத்தைத் திறந்து, சுண்டுவிரல் நுனியில் தேனைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

பிள்ளை உதட்டைச் சப்புக் கொட்டியது. போகப் பார்த்த விரலை இழுத்துப் பிடித்து நறுக்கென்று கடித்தது.

"ஆ!" என்றார் சுனையம்மா.

"சுனையம்மா குணம் வர்றதுக்குள்ள எம் மக குணம் வந்துடுச்சு" என்றாள் நல்லம்மா. பாவாயிக்கு ஒரு வருடமாக வராத சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெண்கள் பிள்ளையோடு இறங்கினார்கள். சடையன் மட்டும் நின்றான். மத்தியான வெயிலில் மலை அரைத் தூக்கத்தில் இருந்தது.

"அம்மா, இன்னைக்குத் தேனை நீங்க ருசி பார்க்கலீங்க."

"ஆமா."

"என்ன தேன்னுகூடக் கேக்கலீங்க."

"என்ன தேன்?"

"பொந்துத் தேனுங்க. சாதாரணத் தேன். அப்போ அந்த முதல் கலயத்துக்கு என்ன குறைங்க?"

"ஒரு குறையும் இல்ல."

"கொசுத்தேனுக்கு?"

"அப்படி ஒரு தேனை எஞ் சென்மத்துல சாப்பிட்டதில்ல."

"காத்து இருக்குன்னீங்களே?"

"இருந்துச்சே."

சடையனுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "பின்ன எதுக்குங்க ஒரு வருசமா என்னைக் காடு காடா அலைய உட்டீங்க?"

"பிள்ளைக்கு ஒரு வயசு ஆவட்டும்னுதான். அதுக்கு முன்னாடி தேன் சில பிள்ளைக்குத் தாங்காது. கீழே நான் பிரசவ ஆஸ்பத்திரியில வேலை பார்த்தப்ப ரெண்டு பிள்ளையப் பார்த்திருக்கேன். வெளிக்குப் போகாது. அழுகை மெலியும். பால் இழுக்க முடியாது. கழுத்து நிக்காது."

சடையன் நின்ற இடத்திலேயே நின்றான். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் அவன் தன் கண்ணால் பார்த்திருந்தான்.

"இந்த மலையில எல்லாருக்கும் தேன்தானுங்களே வச்சாங்க. எனக்கும் வச்சாங்க."

"எனக்கும்தான் வச்சாங்க. ரொம்பப் பேருக்கு ஒண்ணும் ஆவாது. ஆவுற பிள்ளை எதுன்னு முன்கூட்டி யாருக்குத் தெரியும்?"

"அப்போ அண்ணன் பிள்ளை..."

"அதனாலதானான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. நான் அந்தப் பிள்ளையப் பார்க்கல."

அவன் உட்கார்ந்தான். நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். தேனீக்கள் வந்தன, தண்ணீர் குடித்தன, போயின. வெயில் சுனையைத் தாண்டி எதிர்ப்பாறைக்குப் போயிற்று. மலைக்கு வந்த நாளிலிருந்து சுனையம்மா அவன் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"அந்தத் தேனை எடுத்துக் குடுத்தவன் நானுங்க" என்றான்.

சுனையம்மா தன் இடத்தை விட்டு எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"நல்ல தேனாப் பார்த்துத்தானுங்க எடுத்தேன். அண்ணன் பிள்ளைக்காச்சேன்னு."

"தெரியும்."

சட்டென்று அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. குரு என்பதும் மறந்தது. "இவ்வளவு தெரிஞ்சவங்க, எங்கண்ணன் வந்து கேட்டப்பவே இதைச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"இப்ப உங்கிட்டச் சொன்னதைத்தான். ஒரு வார்த்தை குறையாம."

சடையன் அவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் கடிபட்ட விரலைச் சுனைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு வேண்டாம்னு சொன்னேன். வேற கையைத் தேடிப் போயிட்டான். உனக்குச் சரின்னு சொன்னேன். நீ தேனைத் தேடிப் போனே."